கோஸ்தான் அங்கிள்

நிர்வாகக் கையேடு, பகுதி நான்கு, விதி ஏழு, உட்பிரிவு ஆ: "வாயிற்காவலர் பணி நேரம் முழுவதும் வாசலிலேயே நிற்க வேண்டும். வகுப்பறைக்குள் நுழைவதோ, பிள்ளைகளின் நடவடிக்கைகளில் தலையிடுவதோ கூடாது."

இந்த விதியில் ஓட்டை கிடையாது. எனக்குத் தெரியும், எழுதியவன் நான். அரசாங்க இலாகா ஒன்றில் முப்பத்து நான்கு ஆண்டுகள் கோப்புகளோடு குடும்பம் நடத்திவிட்டு ஓய்வு பெற்று வந்தவனை, கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்பில் இருக்கும் பாலர் பள்ளிக்குச் செயலாளர் ஆக்கினார்கள். மூலை வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்து நடத்தும் பள்ளி. பிள்ளைகள் மொத்தம் பத்தொன்பது பேர். நான் வருவதற்கு முன் அங்கே ஒரு விதியும் இருக்கவில்லை, எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். நான் நாற்பத்தொரு பக்கத்தில் ஒரு கையேடு எழுதிக் கொடுத்தேன்.

அந்தக் கையேட்டைக் கடைசிவரை படிக்காத ஒரே ஆள் அவர். மற்றவர்களும் படிக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது. ஆனால் அவர் ஒருவர்தான் அதை ஒளிக்காமல் சொன்னவர்.

அவர் எங்கள் ஜாகா. வாசற்காவலரை இங்கே அப்படித்தான் சொல்வோம். பெயரை எழுதப் போவதில்லை, அவரைக் கேட்காமல் எழுதுவது முறையல்ல. இப்போது டெங்கிலில் அக்கா வீட்டோடு இருக்கிறாராம். பிள்ளைகள் அவரைக் கோஸ்தான் அங்கிள் என்றார்கள். வண்டியைப் பின்பக்கமாக எடுப்பதற்குக் கிள்ளான் பள்ளத்தாக்கில் எந்த இனத்துக்காரனைக் கேட்டாலும் ஒரே சொல்தான் வரும்: கோஸ்தான். அந்தச் சொல்லை வைத்தே அவர் சோறு தின்றவர். போர்ட் கிள்ளானில் கன்டெய்னர் லோரி கிடங்குக்குள் பின்வாங்கும்போது, பின்னால் நின்று கை காட்டுகிற ஆள்.

நேர்முகத் தேர்வில் நான்தான் கேள்வி கேட்டேன்.

"என்ன அனுபவம்?"

"லோரிக்குப் பின்னாடி நின்னேன் சார். இருவத்திரண்டு வருசம்."

"நின்று?"

"நின்னுதான் சார். நிக்கறதுதான் வேல. டிரைவருக்குப் பின்னாடி கண்ணு இல்ல. நான்தான் கண்ணு. ஒரு செவுரு இடிச்சதில்ல, ஒரு ஆளு செத்ததில்ல."

"ஏன் விட்டீர்கள்?"

"லோரிக்குக் கேமரா போட்டாங்க சார். என்னைய இறக்கிவிட்டுட்டாங்க." பிறகு சேர்த்துக்கொண்டார்: "மழை பெஞ்சா கேமரா கண்ணு மங்கிப் போவும் சார். எனக்கு மங்காது."

வேறு யாரும் விண்ணப்பிக்காததால் அவரையே தேர்வு செய்தோம்.

முதல் நாள் காலை என் காரை நிறுத்தப் போனேன். என்னுடையது சின்னக் கார். அந்த இடத்தில் இரண்டு கார் தாராளமாக நிற்கும். அவர் பாக்கெட்டிலிருந்து ஒரு சிவப்புத் துணியை எடுத்து உதறினார். எனக்குப் பின்னால் போய்க் கால்களை அகட்டி நின்றார். "லாகி சார்... லாகி... லாகி..." லாகி என்றால் இன்னும். "சிகிட்... சிகிட்..." சிகிட் என்றால் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் ஒரு விரற்கடை போனேன். "ஸ்டாப்!" பிறகு காரின் பின்புறத்தை உள்ளங்கையால் இரண்டு முறை தட்டினார். டப், டப். பதினோரு நிமிடம் ஆனது. தெருவில் ஆறு கார்கள் காத்திருந்தன.

அந்த இரட்டைத் தட்டல்தான் அவர். லோரித் தொழிலில் அதற்கு, பார்த்துவிட்டேன், இடிக்காது, நீ போகலாம் என்று அர்த்தமாம். அவர் அதை லோரியோடு விடவில்லை. என் அறைக்குள் வந்தால் மேசையைத் தட்டுவார். குப்பைத் தொட்டியை நகர்த்துமுன் குப்பைத் தொட்டியைத் தட்டுவார். பள்ளியில் ஒரு பூனை இருந்தது, அதன் தட்டில் சோறு வைக்குமுன் தரையைத் தட்டுவார். பூனை அவரைத் தவிர வேறு யாரையும் மதித்ததில்லை.

எதிர்வீட்டுப் பெரியவர் இறந்தபோது நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். தொடர்வீடுகளின் வாசல் குறுகலானது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான்கு மருமகன்களும் நான்கு பக்கம் இழுத்தார்கள். பெட்டி கதவு நிலையில் சிக்கிக்கொண்டது. ஒப்பாரி நின்றுவிட்டது, எல்லோருக்கும் பெட்டியைப் பற்றிய கவலை வந்துவிட்டது. அவர் தெருவைக் கடந்து போனார். "தம்பி, யாரும் யாரையும் பாக்காதீங்க. என்னையப் பாருங்க. கிரி சிகிட். இடது பக்கம் லா! நீ நில்லு. அந்தப் பக்கம் மட்டும் வா. லாகி... லாகி..." பெட்டி ஒரு கீறல் இல்லாமல் வெளியே வந்தது. பெட்டியை அவர் இரண்டு தட்டு தட்டியபோது இறந்தவரின் மனைவி கையெடுத்துக் கும்பிட்டார். அதன் பிறகுதான் அழ ஆரம்பித்தார்கள், முன்பைவிட நன்றாக.

"ஆளு நிக்காம அசையக் கூடாது சார்" என்பார். "தெரியாம வர்ற பக்கந்தான் இடிக்கும்." மனிதர்கள் செய்யும் எல்லாத் தவறும், சண்டையும் விவாகரத்தும் உட்பட, ஆள் நிறுத்தாமல் பின்வாங்கியதால் வந்தவை என்பது அவர் கட்சி. என் கையேட்டைவிட அது சிறியது. அதனால் நான் அதை மதிக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் யாஷினி வந்து சேர்ந்தாள். ஐந்து வயது. அம்மா போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் ஷிப்ட் வேலை பார்ப்பவர், வேறு துணை இல்லை. கையில் ஒரு டாக்டர் கடிதம் இருந்தது. இரண்டு பக்க ஆங்கிலம். சாரத்தை நானே தமிழில் எழுதிக் கோப்பில் வைத்தேன்: கண், காது, தோல் கொண்டுவரும் செய்திகள் இந்தப் பிள்ளைக்கு மற்றவர்களுக்கு வருவதைவிடப் பலமடங்கு பெரிதாக வந்து சேர்கின்றன. மணிச் சத்தம் அவளுக்கு இடி. சட்டைக் காலரின் துணிச்சீட்டு அவளுக்கு முள். பசை கையில் பட்டால் அலறுவாள். யாராவது பின்னாலிருந்து தொட்டால் கடிப்பாள்.

சிக்கல் என்னவென்றால், ஐந்து வயதில் நட்பு என்பதே பின்னாலிருந்து ஓடிவந்து கட்டிப்பிடிப்பதுதான். வேறு முறை அவர்களுக்குத் தெரியாது.

இரண்டாம் நாள் ஹரிஷ் என்கிற பையன் அந்த முறைப்படி நட்புக் கோரினான். அவள் அவன் முன்கையில் முழு வரிசைப் பல்லும் பதியக் கடித்தாள். ஹரிஷின் அப்பா ஏர்கான் வியாபாரி. அத்துடன் எங்கள் நிர்வாகக் குழுவின் தலைவர். அன்று மாலையே கூட்டம் போட்டார். இன்னும் ஒரு கடி, பிள்ளை வெளியே என்று தீர்மானம் ஆனது. எழுதியவன் நான்தான்.

தீர்மானத்தை யாஷினியின் அம்மாவிடம் நானே வாசித்துக் காட்டினேன். வேலைச் சீருடையோடு நின்றுகொண்டிருந்தார்.

"இது மூணாவது ஸ்கூல் சார். பெட்டாலிங் ஜெயாவுல ரெண்டு பாத்தாச்சு. அவ ஒண்ணும் படிக்க வேணாம் சார். பாட்டு, டான்ஸ் ஒண்ணும் வேணாம். ஒரு ஃபிரண்டு கெடச்சா போதும். ஒரே ஒரு ஆளு."

கையேட்டில் நண்பர்களைப் பற்றி ஒரு விதியும் இல்லை. அதை அப்போதுதான் கவனித்தேன்.

காவற்கூண்டுக்கும் மதிலுக்கும் நடுவே ஒரு சந்து உண்டு. அகலம் சரியாக யாஷினி அளவு. இடைவேளை வந்தால் அவள் அதற்குள் போய், இரண்டு தோளும் இரண்டு பக்கமும் அழுந்த, நிம்மதியாக நிற்பாள். மேரி டீச்சர், தலைமையாசிரியை, அவளை வெளியே இழுக்கப் போனார். ஜாகா சிவப்புத் துணியை நீட்டித் தடுத்தார்.

"இழுக்காதீங்க டீச்சர். பார்க்கிங் போட்டிருக்கு."

"என்னண்ணே சொல்றீங்க? அது பிள்ள."

"பிள்ளதான் டீச்சர். ஆனா நாப்பதடி கன்டெய்னர், ஃபுல் லோடு. அத அஞ்சு வயசு பாடிக்குள்ள வச்சிருக்கு. திரும்ப எடம் வேணும். இவனுங்க மோட்டார் சைக்கிள் மாதிரி குறுக்க பூர்றானுங்க. பின்ன இடிக்காம?"

மறுநாள் அவள் உடம்பு உதறிக்கொண்டே இருந்தது. அவர் கடையிலிருந்து ஐந்து கிலோ அரிசி மூட்டை ஒன்று வாங்கி வந்து, அதை இரண்டு தட்டுத் தட்டி, அவள் மடியில் வைத்தார். உதறல் நின்றது. "எம்ப்டி லோரிதான் சார் ரோட்டுல ஆடும்" என்றார் என்னிடம்.

"நேற்று ஃபுல் லோடு என்றீர்களே."

"உள்ள ஃபுல் லோடு சார். வெளிய எம்ப்டி."

பல மாதங்கள் கழித்து, மருத்துவமனையில் யாஷினிக்குக் கொடுத்திருந்த தேதி வந்தது. சிகிச்சையாளர் பொறுமையான இளம்பெண். மூன்று பக்கம் ஆலோசனை எழுதிக் கொடுத்தார். மடியில் கனம் வைக்கலாம், முன்னறிவிப்பு இல்லாமல் தொட வேண்டாம், இறுக்கமான ஒதுக்கிடம் ஒன்று இருக்கட்டும் என்றெல்லாம். நான் அதை ஜாகாவுக்கு வாசித்துக் காட்டினேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "அந்த மிஸ்ஸு எந்த லோரில இருந்தாங்க?" என்று கேட்டார்.

மணி இன்னொரு பிரச்சினை. எட்டு மணிக்கு மணி அடிக்க வேண்டும் என்று பகுதி இரண்டில் எழுதி வைத்திருக்கிறேன். மணி அடித்தால் யாஷினி தரையில் சுருண்டுவிடுவாள். அவர் ஒருநாள் மணியின் நாக்கைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, எட்டு மணிக்குச் சிவப்புத் துணியைத் தூக்கிக் காட்டினார். பிள்ளைகள் ஓடிவந்து வரிசையில் நின்றார்கள். விதிமீறல்தான். ஆனால் மணி பழுது என்று முறைப்படி பாரம், அதாவது படிவம், நிரப்பி, பழுதுபார்க்கும் துணைக்குழுவுக்கு அனுப்பிவிட்டால் அது விதிமீறல் ஆகாது. அந்தத் துணைக்குழுவில் நான் ஒருவன்தான் உறுப்பினர். விஷயம் பரிசீலனையில் இருந்தது. ஆண்டு முடியும்வரை பரிசீலித்தேன்.

எங்கேயும் எழுதி வைக்காத ஒன்றை இங்கே ஒப்புக்கொள்கிறேன். பாரம் நிரப்பும்போது எனக்கு உற்சாகமாக இருந்தது.

ஆனால் அவர் வகுப்பறைக்குள்ளேயே போக ஆரம்பித்தபோது விதி ஏழைச் சும்மா விட முடியவில்லை. விளக்கம் கோரி முறைப்படி கடிதம் கொடுத்தேன். மூன்று நாளில் பதில் வேண்டும். மூன்றாம் நாள் ஒரு வரைபடத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். மேசையைத் தட்டினார்.

"எழுத வராது சார். படம் போட்டிருக்கேன்."

வகுப்பறையை மேலேயிருந்து பார்த்ததுபோல் வரைந்திருந்தார். பிள்ளைகள் எல்லோரும் செவ்வகங்கள், ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் குறித்திருந்தார். நடுவில் ஒரு பெரிய செவ்வகம் யாஷினி. அவளைச் சுற்றி ஒரு வட்டம்: ஒரு கை தூரம். மேரி டீச்சர் ஒரு கிரேன். மூலையில் கைகளை உயர்த்தி நிற்கும் ஒரு குச்சி மனிதன் அவர். கதவருகே ஒரு சதுரம், சக்கரமே இல்லாமல்.

"இது யார்?"

"நீங்க சார். ஆபீஸ்."

படத்தைக் கோப்பில் சேர்த்தேன். விளக்கம் திருப்தி அளிக்கிறதா என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன்.

ஹரிஷுக்கு லோரிப் பைத்தியம். கடிபட்ட கையில் பிளாஸ்டரோடு தினமும் கூண்டுக்கு வந்து லோரிக் கதை கேட்பான். அவர் எல்லாப் பிள்ளைகளையும் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்.

"அங்கிள், அவ ஏன் என்னையக் கடிச்சா?"

"நீ பிளைண்ட் ஸ்பாட்டுல வந்த பாஸ். அவளுக்குத் தெரியல."

"இனிமே எப்பிடி வர்றது?"

"கோஸ்தான்ல வா. மூஞ்சியக் காட்டாத, கையக் காட்டாத. கைய முன்னாடி கட்டிக்க. முதுகப் பாத்து யாரும் பயப்பட மாட்டாங்க. நான் சொன்னா நில்லு."

அன்று இடைவேளையில், ஜன்னல் வழியாக என் கண்ணால் பார்த்தேன். ஹரிஷ் சந்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றான். அவர் பக்கவாட்டில் போய்க் கால்களை அகட்டினார். "லாகி பாஸ்... லாகி..."

"டிட், டிட், டிட், டிட்" என்று ஹரிஷ் பின்வாங்கும் லோரியின் சத்தத்தையும் போட்டான். சந்துக்குள் யாஷினி காதைப் பொத்தினாள்.

"ஹார்ன் வேணாம் பாஸ்! ஆஃப் பண்ணு!"

ஹரிஷ் மூக்கை அமுக்கிச் சத்தத்தை அணைத்தான். ஒரு கை தூரத்தில், "ஸ்டாப்." நின்றான். நான்கு நிமிடம். ஒன்றும் நடக்கவில்லை. சிவப்புத் துணி உயர்ந்தது, வகுப்புக்குப் போய்விட்டார்கள். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். பணி நேரத்தில் ஒரு ஜாகாவும் ஒரு பையனும் ஒரு சந்துப் பக்கமாகப் பின்வாங்குவதைக் கண்காணிப்பது என் வேலையாகிவிட்டது. தேநீரை ஆறவிட்டுக்கொண்டு பார்த்தேன்.

ஒன்பதாவது நாள் சந்துக்குள்ளிருந்து ஒரு சின்னக் கை வெளியே வந்தது. ஹரிஷின் முதுகில் டப், டப்.

ஹரிஷ் திரும்பவில்லை. பயிற்சி அப்படி. "அங்கிள், ஓக்கேவா?"

"ஓக்கே பாஸ்," என்றார் அவர். "பார்க்கிங் கெடச்சிருச்சு."

இருவரும் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்தார்கள். அவள் மடியில் அரிசி மூட்டை.

"நீ என்னா லோரி?" என்றான் ஹரிஷ்.

அவள் பள்ளியில் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. "சிமெண்ட்" என்றாள்.

"நான் ஐஸ்கிரீம் லோரி."

"சத்தம் போடுமா?"

ஹரிஷ் யோசித்தான். "போடாது. ரிப்பேர்."

நான் தேநீரைக் கொட்டிவிட்டு வேறு போடப் போனேன்.

ஒரு மாதத்தில் பத்தொன்பது பேரும் கோஸ்தானில் நடக்க ஆரம்பித்தார்கள். கழிப்பறைக்குக் கோஸ்தான். சாப்பாட்டு வரிசை கோஸ்தான். காலையில் அப்பாவின் காரிலிருந்து இறங்கியதும் திரும்பி நின்று, யாராவது கை காட்டும்வரை காத்திருப்பார்கள். பெற்றோர்கள் கை காட்டக் கற்றுக்கொண்டார்கள். கற்காதவர்களுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. புகார்கள் வந்தன, எல்லாவற்றுக்கும் எண் கொடுத்தேன். ஒரு பிள்ளை பல் டாக்டரிடம் பின்னோக்கிப் போயிருக்கிறது. டாக்டர் அரை மணி நேரம் பிடரியோடு பேசியிருக்கிறார்.

கடைசியில் தலைவரே என் அறைக்கு வந்தார். வயதால் அவருக்கு நானும் அங்கிள்தான்.

"அங்கிள், இது ஸ்கூலா, லோரி யார்டா? நேத்து கோயில்ல ஐயர் தீபாராதன காட்டுறாரு. என் மவன் சாமிக்கு முதுகக் காட்டிக்கிட்டுக் கோஸ்தான்ல போறான்! ஐயரு தட்டக் கீழ போட்டுட்டாரு! ஊரே பாத்துச்சு!"

"சாமியை இடித்தானா?"

"இல்ல. ஒரு கை தூரத்துல நின்னுட்டான்."

"அப்படியென்றால் விபத்து இல்லை."

"அங்கிள்!"

மறுபடியும் கூட்டம். இரண்டு தீர்மானங்களைத் தலைவர் எழுதியே கொண்டுவந்திருந்தார். ஒன்று, விதி ஏழு ஆ-வை மீறிய ஜாகாவை நீக்குவது. இரண்டு, இதற்கெல்லாம் காரணமான பிள்ளையை வேறு பள்ளி பார்க்கச் சொல்வது. "நானா எழுதல அங்கிள், உங்க புக்க பாத்து எழுதுனேன்" என்றார். மேற்கோள் சரியாக இருந்தது. மேரி டீச்சர் என்னைப் பார்த்தார். சுவரோரம் யாஷினியின் அம்மா, இரவு ஷிப்டு முடித்துத் தூங்காமல் வந்து, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. தலைவரிடம் சொல்வதற்கு நல்ல வாக்கியம் ஒன்று தயாராக இருந்தது. சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். வாயைத் திறந்தபோது ஜன்னலுக்கு வெளியே அவர் தெரிந்தார். விதிப்படி வெளியேதான் நின்றார். உள்ளங்கையை உயர்த்திக் காட்டினார்: ஸ்டாப். நிறுத்தினேன். பிறகு விரலை மெல்லச் சுழற்றினார்: திருப்பு. சிகிட்.

திருப்பினேன்.

"தலைவர் அவர்களே, பகுதி ஒன்பது, கடைசி விதி. கையேட்டில் தெளிவில்லாத விஷயத்தில் உரிய இலாகாவிடம் விளக்கம் கேட்க வேண்டும். பதில் வரும்வரை நடப்பு நிலை நீடிக்கும். ஆள் கை காட்டப் பிள்ளைகள் பின்னோக்கி நடப்பது பற்றிக் கையேட்டில் ஒன்றும் இல்லை. தெளிவில்லை."

"எந்த இலாகா?"

"ஆள் கை காட்டப் பின்னால் போவது என்றால், வாகனங்களைக் கவனிக்கும் இலாகாதான்."

யாருக்கும் சிரிக்கத் தைரியம் இல்லை, நான் அரசாங்கத்தில் இருந்தவன். பதில் வரும்வரை அல்லது ஆண்டு முடியும்வரை, எது முந்துகிறதோ அதுவரை, பிள்ளையும் ஜாகாவும் இருக்கலாம் என்று தீர்மானம் நிறைவேறியது. பதில் பாதகமாக வந்தால் அன்றே இருவரும் வெளியே என்ற திருத்தத்தைத் தலைவர் சேர்த்தார்.

அன்றிரவே கடிதத்தை எழுதினேன். "தகுதி பெற்ற உதவியாள் ஒருவரின் கைச்சைகையின் கீழ் ஐந்து வயதினர் பின்னோக்கி இயங்குவதற்கு அனுமதி தேவையா? தேவையெனில் எந்தப் பாரம்?" இணைப்பு: வரைபடம், மூன்று பிரதிகள். தவறான இலாகாவுக்கு மிகச் சரியான முறையில் எழுதப்பட்ட கடிதத்தைப்போல் நிம்மதியாகத் தூங்கும் பொருள் வேறில்லை. அந்த அனுபவம் எனக்கு நிறைய உண்டு, பெரும்பாலும் மறுபக்கத்திலிருந்து.

"எவ்வளவு நாளாவும் சார்?" என்று அவர் கேட்டார்.

"எட்டு மாதம்."

"பின்னாடி கிளியரா?"

"கிளியர்."

என் மேசையை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

எல்லா நாளும் நல்ல நாள் இல்லை. வண்ணம் பூசும் நாளில் யாஷினி ஒரு மணி நேரம் அலறினாள். காற்று பலமாக அடிக்கும் நாள்களில் சந்துக்குள்ளிருந்து வெளியே வரமாட்டாள். ஆனால் யாரையும் கடிக்கவில்லை. ஒருநாள் யாருடைய பிறந்தநாளுக்கோ பலூன்கள் கொண்டுவந்தார்கள். ஒன்று வெடித்தது. யாஷினி காதைப் பொத்திக்கொண்டு நடு அறையில் உறைந்து நின்றாள். ஆறுதல் சொல்லப் பத்துப் பதினைந்து பிள்ளைகள் அவளை நோக்கி ஓடினார்கள். வாசலிலிருந்து அவர் பாய்ந்து வந்தார். அதற்குள் ஹரிஷ் நடுவில் புகுந்து இரண்டு கைகளையும் விரித்துவிட்டான்.

"எல்லாரும் கோஸ்தான்! கோஸ்தான் லா! நீ நில்லு! நீ கிரி!"

கூட்டம் பின்வாங்கியது. யாரும் யாரையும் இடிக்கவில்லை. ஒரு கை தூரம் கிடைத்ததும் ஹரிஷ் திரும்பி, முதுகைக் காட்டி, கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தான். கொஞ்ச நேரம் கழித்து டப், டப்.

அவர் கதவிலேயே நின்றுவிட்டார். சிவப்புத் துணியை மடித்துப் பாக்கெட்டில் வைத்தார்.

"கேமரா போட்டுட்டாங்க சார்," என்றார் என்னிடம். "மறுபடியும் இறக்கிவிட்டுட்டாங்க." அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

ஆண்டின் கடைசி நாள் வெள்ளிக்கிழமை, பதினாறாம் தேதி. அன்று மேடை நிகழ்ச்சி. ஹரிஷுக்கு ராஜா வேஷம் கொடுத்திருந்தார்கள், அவன் மறுத்துவிட்டான். யாஷினி சிமெண்ட் லோரியாக நிற்கச் சம்மதித்திருந்தாள், அவள் பக்கத்தில் அவன் ஐஸ்கிரீம் லோரியாக நிற்க வேண்டுமாம். தலைவருக்கு மனம் ஆறவில்லை. "ராஜா டிரெஸ் வாங்கியாச்சு அங்கிள், கிரீடம் வாங்கியாச்சு. என் மவன் லோரியா நிக்கிறான்" என்று வாரம் இரண்டு முறை போன் செய்வார். முடிக்கும்போது தவறாமல் கேட்பார்: "பதில் வந்துச்சா?"

நான் கணக்கிட்டது எட்டு மாதம். இலாகாக்கள் திருந்திக்கொண்டிருக்கின்றன என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை. புதன்கிழமை, பதினான்காம் தேதி, தபால்காரர் கொடுத்த நீள உறையோடு ஜாகா என் அறைக்கு வந்தார். மேசையைத் தட்டினார். பிரித்துப் படித்தேன்.

நல்ல கடிதம், நான் எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். சிறுவர்கள் எந்த வாகன வகையிலும் சேரமாட்டார்கள் என்று விளக்கியிருந்தார்கள். ஆகவே அனுமதி தர அவர்களுக்கு அதிகாரம் இல்லை. உரிய அதிகாரம் உள்ளவர்கள் முடிவு செய்யும்வரை மேற்படி இயக்கத்தை உடனடியாக நிறுத்திவைக்கவும்.

"என்னா சார் சொல்றாங்க?"

"நிறுத்தச் சொல்கிறார்கள். உடனே."

பக்கத்து அறையில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. மேரி டீச்சர் பாட்டைக் கிசுகிசுக் குரலில் பாடவைத்துக்கொண்டிருந்தார். வந்த கடிதத்தில் வந்த அன்றே தேதி முத்திரை குத்த வேண்டும், பகுதி ஒன்று, விதி இரண்டு. முப்பத்து நான்கு ஆண்டில் நான் தேதி மாற்றிக் குத்தியதில்லை. மாற்றிக் குத்திய ஒருவருடைய பதவி உயர்வை ஒருமுறை தடுத்திருக்கிறேன்.

முத்திரையை எடுத்தேன். நாள் சக்கரத்தில் பதினான்கு இருந்தது. கட்டை விரலை அதன்மேல் வைத்தேன். விரல் நகரவில்லை.

அவர் என் விரலைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு போய்க் கதவுக்குப் பின்னால் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு வந்து, மேசைக்குப் பக்கவாட்டில் கால்களை அகட்டி நின்றார். கையை உயர்த்தினார்.

"லாகி சார்."

பதினைந்து.

"லாகி... லாகி..."

பதினாறு. பதினேழு.

"இடம் இருக்கு சார், பயப்படாதீங்க. லாகி. சிகிட்... சிகிட்... ஸ்டாப்!"

முத்திரையைக் குத்தினேன். அவர் என் தோளில் இரண்டு தட்டுத் தட்டினார்.

வெள்ளிக்கிழமை திரை விலகியபோது, அட்டைப்பெட்டியில் செய்த இரண்டு லோரிகள் முதுகோடு முதுகாக மேடையில் நின்றன. ஒன்றின் கையில் ஐந்து கிலோ அரிசி. கைதட்ட வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்ததால், எல்லாப் பெற்றோர்களும் நாற்காலியின் கையை இரண்டிரண்டு முறை மெல்லத் தட்டினார்கள். யாஷினியின் அம்மா மட்டும் தட்டவில்லை. வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். தலைவர் கிரீடத்தை மடியில் வைத்துக்கொண்டு வீடியோ எடுத்தார்.

அடுத்த வாரம் கணக்கு ஒப்படைக்கப் பள்ளிக்கு வந்த தலைவர், கோப்பில் அந்தக் கடிதத்தைப் பார்த்துவிட்டார். இரண்டு முறை படித்தார்.

"இது எப்ப வந்துச்சு அங்கிள்?"

நீளமாக விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். ஜன்னலுக்கு வெளியே வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தவர் துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு உள்ளங்கையை உயர்த்தினார். நிறுத்திக்கொண்டேன். கடிதத்தைத் திருப்பி, முத்திரையைத் தலைவரின் பக்கம் நகர்த்தினேன்.

பதில் கிடைத்த நாள்: திங்கட்கிழமை, 19.